உடைத்துப் பார்க்கச் சொன்னவளுக்கு

இந்த ஸ்கேன் சென்டரில் இன்று ஏசி வேலை செய்யவில்லை. வரவேற்பறையின் நடுவில் பெரிய ஏர்கூலர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் வெட்டிவேர்த் தட்டி. தண்ணீரில் ஊறி அந்த வாசனை கிளம்பியதும் நீதான் ஞாபகம் வந்தாய். மற்றவர்கள் காற்றுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் எழுந்து போய், கம்ப்யூட்டரைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள் என்று ரிசப்ஷன் பெண்ணிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நீயாக இருந்தால் சிரித்திருப்பாய்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வருடா வருடம் எடுக்கிற மார்பகப் படம்தான். நீ போன பிறகு நான் அதைத் தவறவிடுவதே இல்லை. இந்த முறை டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்றார். ஆனால் இப்போதெல்லாம் படத்தைச் செயற்கை நுண்ணறிவும் ஒரு தடவை பார்க்கிறது. அது இடது பக்கத்தில் ஒரு சின்ன இடத்தைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டது. அது சில சமயம் இல்லாததையும் காட்டும், கொஞ்ச நாள் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்கலாம், மனசு கேட்கவில்லை என்றால் இப்போதே ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிக்கலாம் என்றார். நான் ஊசிக்கு ஒப்புக்கொண்டேன். அதன் முடிவு இன்று வருகிறது.

இவர் வண்டியை நிறுத்த இடம் தேடிப் போனவர் இன்னும் வரவில்லை. மகள் போனை வைத்துவிட்டு மறுபடி மறுபடி கூப்பிடுகிறாள். "அம்மா, ஏமன்னாரு?" என்று, என்ன சொன்னார்கள் எனக் கேட்கிறாள். "இன்னும் கூப்பிடலட்டி, கூப்பிட்டா சொல்லுதேன்" என்று நான் தமிழில் சொல்ல, அவள் தெலுங்கில் என்னைத் தேற்றுகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. அதை அவளிடம் சொல்ல முடியாது. அதனால்தான் உன்னிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

சனத்நகரில் நம் தகரக் கூரை ஆபீசை நினைத்துக்கொண்டேன். ஜீடிமெட்லா மருந்துக் கம்பெனிகளுக்காக, மாத்திரையைப் பார்க்கும் கேமரா செய்வது நம் இருவர் வேலை. பெல்ட்டில் ஓடுகிற மாத்திரைகளில் விரிசல் விட்டதை மட்டும் அது தள்ளிவிட வேண்டும். நல்ல மாத்திரை இது, கெட்டது இது என்று ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிக் கணினியைப் பழக்கினோம். நாள் கணக்கில் ஓடும். கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவேன். நீ அசரமாட்டாய். "யோசனை எப்பவோ வந்தாச்சு டீ, நாம பொறக்கறதுக்கு முன்னாடியே. மெஷின்தான் லேட். வரும், இரு" என்பாய்.

அந்த மெஷின் உன் தம்பியின் அறையிலிருந்து வந்தது. அவன் கேம் விளையாட ஆசை ஆசையாக வாங்கிய கிராபிக்ஸ் கார்டைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்தாய். துப்பாக்கியும் புகையும் காட்டுகிற கார்டுக்கு மாத்திரையில் என்ன வேலை என்று கேட்டேன்.

"கல்யாண வீட்ல காய் நறுக்கறதைப் பார்த்திருக்கேல்ல? நம்ம கம்ப்யூட்டர்ல இருக்கற சிப் பெரிய சமையல்காரர் மாதிரி. எது சொன்னாலும் செய்வார், ஆனா ஒண்ணொண்ணாத்தான். இந்தக் கார்டு நறுக்க உக்கார்ற சொந்தக்காரக் கூட்டம். ஒருத்தருக்கும் குழம்பு வைக்கத் தெரியாது. ஆனா எல்லாரும் ஒரே நேரத்துல நறுக்குவாங்க."

திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கண்டுபிடிப்பதும், மாத்திரையைப் பார்க்கக் கற்றுக்கொள்வதும், கடைசியில் ஒரே மாதிரியான சின்னப் பெருக்கல் கூட்டல்தான். லட்சக்கணக்கில் போட வேண்டும், அவ்வளவே. மாலையில் ஓடவிட்டுப் போனோம்; மறுநாள் டிபன் டப்பாவைத் திறப்பதற்குள் முடிந்திருந்தது. நம் யோசனையில் எதுவும் மாறவில்லை. கார்டு ஒன்றுதான் புதிது.

ஆனால் அது மே மாதம். கார்டு கொதித்து அடிக்கடி நின்றுபோனது. யார் மூளையில் உதித்ததோ, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு ஆபீஸ் கூலரை நேராக அதன் முன்னால் திருப்பி வைத்தோம். "ஏட்டி, ஈரக்காத்துல்லா" என்று நான் இழுத்தேன். "நக்கோ டீ, வேணாம், அபசகுனமாப் பேசாதே" என்று அந்த ஊர் உருதுவைக் கலந்து என் வாயை அடைத்தாய். அன்று முழுக்க வெட்டிவேர் வாசனையோடு அருமையாக ஓடியது. மறுநாள் பட்டென்று ஒரு சத்தம். உன் தம்பி வந்து, துளித்துளியாகத் தண்ணீர் கோத்திருந்த கார்டைக் கையில் ஏந்திக்கொண்டு, "கைக்கு அக்கா? கைக்கு?" என்று, ஏன் இப்படிச் செய்தாய் என அதே உருதுவில் கேட்ட விதத்தை என்னால் மறக்கவே முடியாது. நீ அவன் தோளில் கை போட்டு, "ஹவ், ஆமா, போச்சு. கார்டுதானே போச்சு, நாம இருக்கோம்ல" என்றாய்.

அப்புறம் கம்பெனியே நல்ல கார்டு வாங்கித் தந்தது. ஒருநாள் நம் கேமரா, பார்க்க முத்து மாதிரி இருந்த ஒரு மாத்திரையைத் தள்ளிவிட்டது. சூப்பர்வைசர் சிரித்தார். நீ வாதாடவில்லை. மாத்திரையை ஜன்னலருகே கொண்டுபோய் நகத்தால் இரண்டாக உடைத்தாய். மேலே கண்ணுக்குத் தட்டாத மயிரிழை, உள்ளே விரிசலாக ஓடியிருந்தது. இன்னொரு நாள் தட்டு தட்டாகத் தள்ளியது. ஒவ்வொன்றாக உடைத்தாய், ஒன்றிலும் ஒன்றுமில்லை. மேலே தொங்கிய டியூப்லைட்டின் நிழலை அது விரிசல் என்று நினைத்துவிட்டது. "அது சொன்னா நம்பவும் வேணாம், சும்மா விடவும் வேணாம். உடைச்சுப் பாரு" என்றாய். ஊசிக்கு நான் ஒப்புக்கொண்டது அந்தப் பேச்சால்தான்.

நீ பார்க்காமல் போனது நிறைய இருக்கிறது. கார்டுகளின் வேகமும் நினைவகமும் பலமடங்கு ஏறிவிட்டன. ஆயிரக்கணக்கில் ஒன்றாகக் கோத்து, கூடம் கூடமாக அடுக்கி ஓட்டுகிறார்கள். அவற்றைத் தண்ணீராலேயே குளிர வைக்கிறார்கள், குழாய்க்குள் விட்டு, நனையாமல். நமக்குத் தோன்றவில்லையே. என் படத்தில் வட்டம் போட்டது அந்த மாதிரிக் கார்டுகளில் பழகி வந்ததுதான். எத்தனை எத்தனையோ பெண்களின் படங்களைப் பார்த்துப் பழகியிருக்கிறது. நம் பழைய கணினியில் ஓட்டியிருந்தால் நம் ஆயுசுக்குள் முடிந்திருக்காது.

உன் படத்தை மனிதக் கண்கள் மட்டும்தான் பார்த்தன. ஒன்றுமில்லை என்றார்கள். நாமும் வெளியே வந்து இரானி சாய் குடித்துக் கொண்டாடினோம். உனக்கே கையில் கட்டி தட்டுப்பட்டு மறுபடி போனபோது நோய் கைமீறிவிட்டிருந்தது. பழைய படத்தை எடுத்துப் பார்த்த பெரிய டாக்டர், தெரிந்தும் தெரியாத நிழல், யாரையும் குறை சொல்ல முடியாது என்றார். நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் மெஷின்தான் லேட் என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னது உன் விஷயத்திலேயே பலித்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது. என் படத்தில் விழுந்த வட்டம் அன்று உன் படத்திலும் விழுந்திருக்கக் கூடாதா.

இவர் வந்துவிட்டார். உள்ளே என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். உன் பேச்சைக் கேட்டு உடைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டேன் டீ, சும்மா விடவில்லை. மெஷின் சரியாகச் சொல்ல வேண்டும் என்று உன் பக்கத்தில் உட்கார்ந்து எவ்வளவு பாடுபட்டிருப்பேன். இன்றைக்கு மட்டும் அது டியூப்லைட் நிழலைப் பார்த்திருக்கட்டும்.