மூடியில் பதினோரு மஞ்சள்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், உன் சுகத்துக்கு எழுது என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தேன், முதல் வரியிலேயே பொய் வேண்டாமே என்று பேனாவை மூடி வைத்துவிட்டேன். இப்படி மூடி வைத்தே ஆறு வாரம் போய்விட்டது. போனில் நீ, எல்லாரும் எப்படி இருக்கீங்க என்று கேட்கும்போதெல்லாம் நல்லா இருக்கோம்டா, நீ சாப்பிட்டியா என்று பேச்சை உன் வயிற்றுப் பக்கம் திருப்பிவிட்டது நான்தான். அப்பாவையும் அப்படியே சொல்ல வைத்தேன். உன் தங்கை வாலுவிடம் போனைக் கொடுக்காமல் அவள் குளிக்கிறாள், தூங்குகிறாள் என்று சொன்னதும் நான்தான், கொடுத்திருந்தால் அரை நிமிஷத்தில் கொட்டிவிட்டிருப்பாள். இப்போது கடையில் மத்தியான நேரம், ஆள் வரத்து இல்லை, பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே கவுன்டரில் உட்கார்ந்து ஆர்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். இடையில் யாராவது சுவருக்குக் கலர் கேட்டு வந்தால் எழுத்து மாறியிருக்கும், பொறுத்துக்கொள்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், நீ பதறக் கூடாது, எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அப்பா ஓட்டுகிற ஸ்கூல் வேன் ஆயாம்மா மேல் ஏறிவிட்டது. நீ பார்த்திருக்கிறாய், கதவுப் பக்கம் நின்று பிள்ளைகளை ஏற்றி இறக்குவாரே, கறுப்புக் குடை வைத்துக்கொண்டு, உன்னைப் பார்த்து மீசை வந்துடுச்சு ஆனா நடை மாறலையே என்று கிண்டல் செய்தாரே, அவரேதான். பள்ளிக்கூட வாசலில் எல்லாப் பிள்ளைகளையும் இறக்கிவிட்டு, எப்போதும் போலக் கதவில் இரண்டு தட்டுத் தட்டியிருக்கிறார். இரண்டு தட்டு என்றால் போகலாம் என்று அர்த்தம். தட்டின பிறகு, ஒரு பிள்ளையின் தண்ணீர் பாட்டில் முன் சக்கரத்துப் பக்கம் உருண்டு கிடந்ததைப் பார்த்து எடுக்கக் குனிந்திருக்கிறார். அப்பா இடது பக்கக் கண்ணாடியைப் பார்த்திருக்கிறார், சத்தியமாகப் பார்த்தேன் என்கிறார், அங்கே ஒன்றும் இல்லையாம். வண்டியை எடுத்துவிட்டார். இடுப்பு எலும்பும் தொடை எலும்பும் உடைந்துவிட்டன. இரண்டு ஆபரேஷன் ஆகி, இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலு அடி வைக்கிறார்.

இது விபத்து என்று சொல்லிவிட்டு இந்தக் கடிதத்தை இங்கேயே முடித்துவிடலாம். ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் எனக்கு இது வரப்போகிறது என்று தெரியும் கண்ணா. தேதியும் இடமும் தெரியாது, மற்றபடி தெரியும். பத்து மாதமாகத் தெரியும்.

வேன் புதுசு மாதிரி பளபளன்னு இருக்கேம்மா, அப்பா தினம் குளிப்பாட்டுறாரா என்று வீடியோவில் கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? நான் என்ன பெருமையாகச் சிரித்தேன். அந்தப் பளபளப்பு என் கைவேலை. முதல் கீறல் விழுந்தபோது வாசல் கேட்டுல இடிச்சிடுச்சு, ஸ்கூல்ல பார்த்தா ஆயிரம் கேள்வி கேப்பாங்க என்று அப்பா முகம் சுருங்கி நின்றார். இதுக்கா இவ்வளவு கவலை என்று நான் கடையிலிருந்து கொஞ்சம் மஞ்சள் கலந்து கொண்டுவந்து மெல்லிய பிரஷால் தடவிவிட்டேன். காய்ந்ததும் எங்கே கீறியது என்று அவருக்கே தெரியவில்லை. உன் கை பட்டா வண்டியே வயசு குறைஞ்சிடுதுடி என்றார். பதினைந்து வருஷமாகக் கலர் கலக்குகிறவளுக்கு வேறென்ன வேண்டும். பிறகு சந்து திரும்பும்போது ஒன்று, யாரோ நிறுத்திவிட்டுப் போன பைக்கில் ஒன்று, விளக்குக் கம்பத்தில் ஒன்று. ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்தது, காரணமும் நியாயமாகத்தான் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் வண்டி வீட்டுக்கு வரும், நான் சின்ன ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பூசுவேன். ஏழாவது தடவையோ என்னவோ, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனபோதுதான் உறைத்தது, இந்த ஸ்டூலை வண்டிக்கு வலது பக்கம் போடுகிற வேலையே எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. எல்லாம் இடது பக்கம்.

அதற்கப்புறம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. சமையலறை நிலையில் இடது தோளை இடித்துக்கொள்வார், அங்கே ஒரு நீலக் கன்றல் ஆறுவதற்குள் இன்னொன்று. இடது கைப் பக்கம் வைத்த டம்ளரைத் தட்டிவிடுவார். நான் அந்தப் பக்கமாக வந்து நின்றால் திடுக்கிட்டு, பூனை மாதிரி வந்து நிக்கிறியே, ஒரு குரல் குடுத்தா என்ன என்பார். நான் ஒன்றும் பூனை மாதிரி வரவில்லை, கொலுசும் போட்டிருந்தேன். கேட்டிருக்க வேண்டும். என்ன ஆச்சு உங்களுக்கு, வாங்க ஒரு தடவை டாக்டரைப் பார்த்துட்டு வரலாம் என்று ஒரே ஒரு வார்த்தை. வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன்.

ஏன் என்று நீ கேட்பாய். உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது. மின்விசிறி சத்தம் போட்டால் பயம், கேஸ் வாசனை வருகிற மாதிரி இருந்தால் பயம், உனக்கு இரண்டு தும்மல் வந்தால் ஆஸ்பத்திரி என்று நான் பண்ணின கூத்தில்தானே எனக்குச் சைரன் என்று பேர் வைத்தீர்கள் நீயும் அப்பாவும். உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு கடைசி வருஷப் பரீட்சை எழுதினவள் நான், இருபது வயதில் அம்மாவானவளுக்குப் பயத்தைத் தவிர வேறு எதுவும் கைவசம் இல்லை, அப்படியே பழகிவிட்டது. நீ முதல் தடவை வெளியூர் கிளம்பின அன்று பஸ் ஏறுவதற்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா, இனிமே சைரனை ஆஃப் பண்ணிடு, எனக்காக என்றாய். நான் சரி என்றேன். இதைப் படித்துவிட்டு, நான் சொன்னதால்தான் அம்மா பேசாமல் இருந்தாள் என்று நீ ஒரு நிமிஷம்கூட நினைக்கக் கூடாது, அப்படி நினைத்தால் என்னால் தாங்க முடியாது. நீ ஆசையாகச் சொன்னாய். அதை எனக்கு வசதியாக நான்தான் பிடித்துக்கொண்டேன். கேட்டால் அது நிஜமாகிவிடும், அவர் ஓட்டக் கூடாது என்று யாராவது சொல்லிவிடுவார்கள், வண்டியைத் தவிர அவருக்கு வேறு என்ன தெரியும் என்று பயம். அதோடு, இதை எழுத வெட்கமாக இருக்கிறது, அந்தக் கலர் ஒட்டி வருவதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. வெயிலில் வண்டி வெளுக்க வெளுக்க மஞ்சளில் ஒரு சொட்டு வெள்ளை கூடுதலாகக் கலக்க வேண்டும், அதைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கிற சந்தோஷம் இருக்கிறதே, அதில் மற்றதை மறந்தேன்.

இதைவிட ஒன்று இருக்கிறது. எட்டாவது கீறலுக்குப் பிறகு, வாலுவிடம் இனிமே வேன்ல வலது பக்கம் உக்காரு, இடது பக்கம் வெயில் அடிக்கும் என்று சொன்னேன். அவளும் சரி என்று மாறி உட்கார்ந்துகொண்டாள். புரிகிறதா உனக்கு? என் பிள்ளையை மாற்றி உட்கார வைக்கிற அளவுக்கு எனக்குத் தெரிந்திருக்கிறது. மற்ற பதினெட்டுப் பிள்ளைகளைப் பற்றி யோசிக்கவில்லை, கதவுப் பக்கம் நிற்கிற ஆயாம்மாவைப் பற்றி யோசிக்கவே இல்லை.

விபத்து நடந்த இரண்டாம் நாள் பள்ளிக்கூடத்தில் வேன் இன்சார்ஜ் சார் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறார். ஒரு கீறல் இல்லை. இவ்வளவு சுத்தமா வண்டி வெச்சிருக்கிற டிரைவர் மேல என்ன சொல்ல முடியும், அந்தம்மாதான் சிக்னல் குடுத்துட்டுக் குறுக்க போயிருக்காங்க என்று எழுதிவிட்டார். அதைக் கேட்டு அப்பா நிம்மதியாக மூச்சு விட்டார், நானும் விட்டேன். ஆயாம்மா கவனக்குறைவு என்று முடிவானால் ஆஸ்பத்திரிச் செலவும் அவர் தலையில், வேலையும் இல்லை. இது எனக்குத் தெரிந்தும் இரண்டு நாள் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். திட்டுவார் என்று தயாராகப் போனால், வாம்மா, ஒங்க வீட்டுக்காரரு என்னைய மட்டும் குறி பாத்து ஏத்திட்டாரே, முன்ன ஏதும் பகையா என்று சிரிக்கிறார். ரெண்டு தட்டு தட்டினது நெசந்தான், இல்லேன்னு சொல்ல மாட்டேன் என்றார். நான் பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டே, பாப்பாவ வெயிலுன்னு வலது பக்கம் உக்கார வெச்சியே, நம்ம வேன்ல காலையில வெயில் வலது பக்கந்தானம்மா அடிக்கும் என்றார். நர்ஸ் வந்து ஊசி போட்டாள். என் கையில் பழம் நசுங்கிப் போயிருந்தது.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு, நீ சின்ன வயதில் பார்த்து விளையாடியிருக்கிறாய், எந்தக் கலர் கலந்தாலும் டப்பா மூடியில் ஒரு பொட்டு வைத்துப் பக்கத்தில் தேதி எழுதிவிடுவோம், மறுபடி அதே கலர் கேட்டு வந்தால் கலக்க வசதி. வீட்டில் வைத்திருந்த மஞ்சள் டப்பாவுக்கும் கைப் பழக்கத்தில் அப்படியே செய்துகொண்டு வந்திருக்கிறேன். எடுத்துப் பார்த்தால் மூடியில் பதினோரு பொட்டு, பதினோரு தேதி, ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் வெளுத்து. கடைசித் தேதி விபத்துக்கு ஐந்து நாள் முன்னால். அந்த மூடியையும் பெயிண்டைக் கரைக்கிற தின்னர் ஒரு பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டு, அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இன்சார்ஜ் சார் முதலில் என்னம்மா பெயிண்ட் விக்க வந்திருக்கீங்களா என்றார். அவரைக் கையோடு வண்டிக்குக் கூட்டிப் போய், துணியைத் தின்னரில் நனைத்துத் தேய்த்தேன். ஒவ்வொன்றாகக் கீறல் வெளியே வந்தது. முன் கதவிலிருந்து பின் சக்கரம் வரைக்கும், எல்லாம் ஒரே உயரத்தில், வரிசையாக. அவர் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தார். கடைசியில், இதை நீங்க சொல்லாம இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதும்மா என்றார். அது எனக்குத் தெரியாதா.

அன்றைக்கே அப்பாவை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள், கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வருஷா வருஷம் எழுத்துப் பலகையைக் கடகடவென்று படித்துப் பாஸ் பண்ணினவர்தானே, இப்பவும் படித்தார். அப்புறம் ஒரு கிண்ணம் மாதிரி இயந்திரத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். நான் பக்கத்தில் நின்றேன். வெகுநேரம் அவர் கை அசையவே இல்லை, புள்ளி வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார் பாவம். காகிதத்தில் இடது கண்ணுக்கு உரிய வட்டம், ஓரத்திலிருந்து மை கொட்டினது மாதிரி கறுத்திருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்கிற நோயாம், வலி கிடையாதாம், பார்வை ஓரத்திலிருந்து போகுமாம், போகிறவருக்கே தெரியாதாம். போன பார்வை திரும்பாது, இருக்கிறதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம் என்றார் டாக்டரம்மா. கீறல் கதையையெல்லாம் கேட்டுக்கொண்டு, பத்து மாசம் முன்னாடி வந்திருந்தா நிறையவே காப்பாத்தியிருக்கலாம் என்றும் சொன்னார். அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, இருந்தாலும் எனக்குத்தான் சொன்னார்.

ஆயாம்மாவின் சிகிச்சையைப் பள்ளிக்கூடமே ஏற்றுக்கொண்டது, முன்னால் எழுதினதைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள். அப்பாவுக்கு இனி வேன் இல்லை. ஐந்து நாள் என்னோடு பேசவில்லை. ஆறாவது நாள், ஸ்கூல்ல போய்ச் சொல்ல வாய் வந்துச்சு, எங்கிட்ட சொல்ல வரலையா உனக்கு என்று கேட்டார். இப்போது வேளைக்கு ஒரு தரம் நான் சொட்டு மருந்து விடுகிறேன், அண்ணாந்து படுத்துக்கொண்டு, பாத்து விடு, கலர் மாறிடப் போகுது என்கிறார். கோபமா, கேலியா என்று தெரியவில்லை, எதுவானாலும் வாங்கிக்கொள்கிறேன். காலையில் வாலுவை நடத்தியே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகிறார். அவள் அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா சைக்கிள் வருது, அப்பா நாய் படுத்திருக்கு, அப்பா ஒரு மாமா முறைக்கிறாரு என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே போகிறாளாம். தன்னை அப்பாவின் இடது கண்ணாடி என்று வகுப்பில் சொல்லியிருக்கிறாள்.

இனி உன் விஷயம், இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம், வயதைப் பார்க்காமல் இரண்டு பேரையும் காட்டிவிடுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். வாலுவுக்குப் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. போன லீவில் நீ வந்திருந்தபோது, சாப்பிட உட்கார்ந்து ஒரே நாளில் இரண்டு தடவை தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டாய். அப்பன் அப்படியே, புள்ளையும் அப்படியே என்று நான் சிரித்துக்கொண்டே துடைத்தேன். எந்தக் கைப் பக்கம் தட்டினாய் என்று இந்த ஒரு மாதமாக யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வர மாட்டேன் என்கிறது. கைப்பிசகாகத்தான் இருக்கும். நீ போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறவன். இருந்தாலும் இந்த வாரமே போ. எழுத்தைப் படிக்கச் சொல்லிவிட்டு அனுப்பினால் வந்துவிடாதே, அழுத்தம் பார்க்கச் சொல், பக்கப் பார்வைக்குக் கிண்ணத்தில் முகம் வைக்கிற பரிசோதனை வேண்டும் என்று கேள், அப்பாவுக்கு இருக்கிறது என்று சொல். நான் நல்லாத்தான் இருக்கேன் என்று எனக்குப் பதில் எழுதக் கூடாது. அந்தக் காகிதத்தைப் படம் எடுத்து அனுப்பு, எனக்கு இப்போது அதைப் படிக்கத் தெரியும். நேரத்தோடு தூங்கு, இருட்டில் போனைப் பார்க்காதே. அப்பாவோடு பேசும்போது, எனக்கு எல்லாம் தெரியும்பா என்று நீயே சொல்லிவிடு, உன்னிடம் மறைத்தது அவருக்குத் தொண்டையில் நிற்கிறது. ஆயாம்மாவுக்கும் ஒரு போன் போடு, உன் நடையைப் பற்றி ஏதாவது சொல்லிச் சிரிக்கட்டும்.

உனக்கு எந்தக் குறையும் வராமல் நீ நன்றாக இருக்க வேண்டும், பார்க்க வேண்டியதையெல்லாம் இரண்டு கண்ணாலும் முழுசாகப் பார்க்க வேண்டும். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை, அது நீ அந்தக் காகிதத்தை அனுப்பின பிறகு பேசிக்கொள்ளலாம். பஸ் ஏறும்போது உனக்குக் கொடுத்த வாக்கை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். சனிக்கிழமைக்குள் படம் வராவிட்டால் காலையிலும் மத்தியானமும் சாயங்காலமும் போன் அடிக்கும், நீ எடுக்கிற வரைக்கும் அடிக்கும்.

இப்படிக்கு,
உன் சைரன்