அட்டையில் நடந்துபோகும் மதினி

மதினி,

இரண்டாம் பதிப்பின் மாதிரிப் பிரதி இன்று காலை அச்சகத்திலிருந்து வந்தது. உறையைக் கிழித்ததும் பசையும் மையும் கலந்த அந்த வாசனை அறை முழுக்கப் பரவியது. முதல் பதிப்பு வந்த அன்று நீங்கள் புத்தகத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு, "பள்ளிக்கூடம் தொறந்த மொத நாளு மாதிரி இருக்கு தம்பி" என்றீர்கள். பிரிக்காமலே சற்று நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தீர்கள். நானும் இப்போது பிரிக்காமல்தான் வைத்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைப் பார்ப்பதற்கு முன்னால் உங்களோடு கொஞ்சம் பேசவேண்டும்.

மருந்துக்கடை வேலை முடிந்து வந்து, கொஞ்சம் கொஞ்சமாக எழுதிய நாவல் அது. பதிப்பகங்களுக்கு அனுப்பி, பதில் வரும் வரும் என்று பார்த்துச் சலித்துப்போய், நானே போட்டுவிடலாம் என்று இறங்கினேன். எழுதுவதும் நான், பிழை பார்ப்பதும் நான், பார்சல் கட்டுவதும் நான். அட்டைக்கு ஓவியரைத் தேடிப் போகும் வசதியெல்லாம் இல்லை. வீட்டை விட்டுப் போகிற ஒரு பெண்ணின் முதுகு மட்டும் போதும் என்றேன். அண்ணன் ஒருபக்கம் கேலி செய்துகொண்டிருக்க, நீங்கள் செங்கல் நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றீர்கள்.

சாணார்பட்டிப் பக்கம், நம் சம்பங்கித் தோட்டத்து வண்டித்தடம். பனி கலையாத காலை. சிறுமலை இருக்கவேண்டிய இடத்தில் வெளிறிய நீலம் மட்டும் இருந்தது. இப்போது நினைத்தால் அந்தக் காலையில் சத்தமே இல்லாதது போலிருக்கிறது, உங்கள் பேச்சைத் தவிர.

"அவ எங்க போறா தம்பி?"

"அது கதையில இல்ல மதினி. போறா, அம்புட்டுத்தான்."

"எங்க போறோம்னு தெரியாம காலு எப்படி வரும்? நா நத்தம் பஸ்ஸப் பிடிக்கப் போறதா வச்சுக்கிறேன்."

அப்படியே நடந்தீர்கள். ஆனால் நாலு எட்டு வைப்பதற்குள் திரும்பி, "சரியா நடக்குறேனா?" என்று கேட்டுவிடுவீர்கள். போனைப் பிடித்தபடி நான், "திரும்பாதீங்க மதினி, திரும்பாதீங்க" என்று கத்திக்கொண்டே இருந்தேன். எடுத்த படங்களில் பாதிக்குமேல் நீங்கள் பாதி திரும்பி, வாயைத் திறந்தபடி நிற்கிறீர்கள். தப்பித்தவறி ஒன்றில் மட்டும் ஒழுங்காக நடந்தீர்கள். அதுதான் அட்டையானது. முன்பின் தெரியாத வாசகர்கள், கதையைவிட அந்த நடையைப் பற்றித்தான் அதிகம் எழுதினார்கள். அவள் நத்தம் பஸ்ஸுக்குப் போகிறாள் என்பதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

ஆர்டர் வரும் நாட்களில் கூடத்தில் உட்கார்ந்து பார்சல் கட்டுவோம். பழனியையும் மதுரையையும் தாண்டாத நீங்கள், பழுப்பு டேப்பைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே கேட்பீர்கள், "இன்னைக்கு நா எந்த ஊருக்குப் போறேன்?" தூத்துக்குடி என்பேன். பெங்களூரு என்பேன். "அங்க குளிரும்ல" என்று ஒரு காகிதம் கூடுதலாகச் சுற்றுவீர்கள். எனக்கு அந்த நேரங்களில் எழுத்தாளனாக இருப்பது ரொம்பப் பிடித்திருந்தது.

மத்தியான நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து முடித்தீர்கள். நல்லா இருக்கு என்றுதான் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன்.

"எல்லாஞ் சரி தம்பி. அவ ஒருக்கா திரும்பிப் பாத்துட்டுப் போயிருக்கலாம்."

அவள் திரும்பிப் பார்க்காமல் போவதில்தான் கதையே இருக்கிறது என்று நான் விளக்க ஆரம்பித்தேன். நீங்கள் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே கேட்டுவிட்டு, "போறவளுக்கு வேணாமா இருக்கும். பின்னால நிக்கிறவுகளுக்கு வேணும்ல" என்றீர்கள். இவ்வளவுதான் படிக்கத் தெரிந்திருக்கிறது என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அப்புறம் அந்தக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் நடந்து திரும்பவில்லை. சுடுகாட்டில் கொள்ளி வைத்து முடிந்ததும் அங்கிருந்த பெரியவர், "யாரும் திரும்பிப் பாக்காம நடங்கப்பு" என்றார். எல்லோரும் நடந்தோம். நானும் நடந்தேன். முதுகெல்லாம் கண்ணாக இருந்தது எனக்கு.

அதன்பிறகு என் புத்தகத்தை என்னாலேயே பார்க்க முடியவில்லை. ஆர்டர் வந்தால் கவிழ்த்துவைத்துத்தான் பார்சல் கட்டினேன். அண்ணனும் டிவி பக்கத்தில் இருக்கும் பிரதியைக் கவிழ்த்தே வைத்திருந்தார். இரண்டாம் பதிப்புக்கு வேறு அட்டை போட்டுவிடுவது என்று முடிவு செய்து, ஒரு மரம், ஒரு வாசல் என்று என்னென்னவோ தேடினேன். எதிலும் யாரும் எங்கும் போகவில்லை. நீங்கள் இல்லாத அட்டையோடு அந்தப் புத்தகத்தை அனுப்பினால், உங்களை இரண்டாம் முறை அனுப்பிவைத்த மாதிரி ஆகிவிடும் என்று பயமாக இருந்தது.

சொந்தமாகப் புத்தகம் போடுபவனுக்கு ஒரே ஒரு சுகம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அட்டையை அப்படியே விட்டேன். கதையிலும் ஒரு வரி மாற்றவில்லை. அவள் திரும்பிப் பார்க்காமல்தான் போகிறாள். அதற்கடுத்த வெற்றுப் பக்கத்தில் மட்டும், வேண்டாம் என்று ஒதுக்கிய படங்களில் ஒன்றைச் சேர்த்து அனுப்பினேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் உள்ளே வந்து, கேட்காமல் கொள்ளாமல் புத்தகத்தை எடுத்துக் கடைசியிலிருந்து புரட்டிவிட்டார். அந்தப் படத்தைக் கண்டதும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார்.

"ஏலே, இதுலயும் பேசிக்கிட்டுத்தான் இருக்கா" என்றார். அவர் சிரித்து நாளாகியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, புத்தகத்தை நிமிர்த்தி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது நானும் பார்த்துவிட்டேன். பனி, வண்டித்தடம், பாதி திரும்பிய உங்கள் முகம். அன்றைக்குக் கத்தினேனே தவிர, நீங்கள் கேட்டதற்கு ஒரு தடவைகூடப் பதில் சொல்லவில்லை.

மற்ற பிரதிகள் வந்ததும் முதல் பார்சல் கன்னியாகுமரி போகிறது. சரியாத்தான் நடக்குறீங்க மதினி.