பத்து நாள் கையெழுத்து

ராயபுரம்,
15-11-1952, சனிக்கிழமை காலை.

அன்புள்ள தம்பி சவரிநாதனுக்கு, பக்கத்து வீட்டு ராமசுப்பு எழுதிக்கொள்வது. விசாகப்பட்டணத் துறைமுகத்தில் வேலையும் உடம்பும் சரியாக இருக்கும் என்று நம்புகிறேன். பதற்றத்தில் எதையும் விட்டுவிடக் கூடாது என்பதால், சொல்ல வேண்டியதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. உங்கள் குழந்தை ஃப்ளோரா இன்று காலை வரை நலம்.
2. அவளைக் கடித்த நாயைப் பற்றி நகரசபை கொடுத்த சீட்டு பொய்.
3. அது குறித்து நான் செய்திருப்பது.
4. உங்கள் மனைவி ரோஸ்மேரியின் பிடிவாதம், அதை மாற்ற நீங்கள் உடனே தந்தி அடிக்க வேண்டியது.

முதலாவது. காலில் பல் பட்ட இடம் ஆறிவிட்டது. நேற்று என் வாசலில் நொண்டிக்கொண்டிருந்தாள். புண்தான் வலிக்கிறதோ என்று பயந்து கேட்டேன். "பாண்டி ஆடறேன் தாத்தா, கோட்டை மிதிக்காதே, அப்பால போ" என்று விரட்டினாள். காய்ச்சல் இல்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்கிறாள். இதை ஏன் எழுதுகிறேன் என்பது அடுத்ததில் தெரியும்.

இரண்டாவது. மூன்றாம் தேதி அவளைக் கடித்த செம்பட்டை நாயைச் சபையின் வண்டி அன்றே பிடித்துப் போனதை ரோஸ்மேரி எழுதியிருப்பாள். பல் லேசாகத்தான் பட்டிருக்கிறது, நாயைப் பட்டியில் அடைத்துப் பத்து நாள் கவனியுங்கள் என்றார் டாக்டர். அது நன்றாக இருந்தால் ஊசி வேண்டாம். செத்தாலோ, மாறுதல் தெரிந்தாலோ அன்றே வயிற்றில் பதினான்கு ஊசி. இப்படிக் கடித்த நாய்களைத் தினமும் நேரில் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திடத்தான் சபை என்னைக் கௌரவப் பார்வையாளனாகப் போட்டிருக்கிறது. சுங்க இலாகாவில் முப்பத்தொரு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு, மறுபடி ஒரு பதிவேடு கைக்கு வந்தது பெருமையாகவே இருந்தது.

நாலாம் தேதி போனேன். நாய் சோறு தின்றுகொண்டிருந்தது. கையெழுத்திட்டேன். அன்று போகும் வழியில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் முழங்கால் தண்ணீர். பட்டிக் குமாஸ்தா குமாரவேல், "இன்னாத்துக்கு சார் டெய்லி இந்தத் தண்ணியில வந்துகினு? வழுக்கி வுழுந்தா யாருக்குப் பேஜாரு? பத்து நாளுக்கும் இப்பவே போட்டுக் குடுத்துட்டுப் போ, நான் பாத்துக்கறேன்" என்றான். அவன் நீட்டிய பேனாவை வாங்கினேன். மீதி ஒன்பது கட்டங்களிலும் கையெழுத்திட்டேன்.

பத்து நாளும் முடிந்ததே என்று நேற்று பட்டிக்குப் போய், நாயை எந்தத் தெருவில் விட்டீர்கள் என்று கேட்டேன். நாய் பிடிக்கும் வேலப்பன் சிரித்தான். "எந்த நாய் நைனா? அஞ்சாம் தேதியே உள்ள தண்ணி பூந்துச்சு. அல்லாத்தையும் அன்னிக்கே தீத்துட்டோம். உனுக்குத் தெரியாதா? தினம் பாத்துக் கையெழுத்து போட்டுக்கினு இருந்தியாமே!" என்றான். என் கையெழுத்துகளுக்குப் பக்கத்தில் குமாரவேல் ஒன்பது முறை "நலம்" என்று எழுதி, பதிமூன்றாம் தேதி சீட்டையும் கொடுத்திருக்கிறான். அந்த நாய்க்கு வெறி இருந்ததா இல்லையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

மூன்றாவது. நேற்றே சபைத் தலைவருக்கு மனு எழுதி, நேரில் கொடுத்து ரசீது வாங்கிவிட்டேன். என் கையெழுத்து பொய் என்பதே அதில் முதல் வரி. திங்கட்கிழமை சுகாதாரக் கமிட்டியில் படிப்பார்கள். கடித்த நாய்க்கு மேட்டில் தனிக் கூண்டு வேண்டும், அது செத்தால் கடிபட்டவர் வீட்டுக்கு அன்றே ஆள் போக வேண்டும், பதிவேட்டில் அன்றன்றைய பக்கத்தை மட்டுமே பார்வையாளரிடம் நீட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். விஷயம் தெரிந்து குமாரவேல் வந்தான். "என்னெ மாட்டி வுட்டா நீ மட்டும் தப்பிச்சுக்குவியா சார்?" என்றான். தப்பிக்கப் போவதில்லை என்றேன். மனுவைத் திரும்ப வாங்க மாட்டேன்.

நாலாவது. நேற்று மாலை ரோஸ்மேரியிடம் போய், எதற்கும் ஊசி போட்டுவிடுவது நல்லது என்றேன். "இன்னா அய்யா நீங்க! நாயி நல்லா கீதுன்னு சீட்டுலயே எழுதிக்கீது. பத்து நாளும் நீங்களே போய்ப் பாத்துக்கீறீங்க. அப்புறம் எதுக்குப் புள்ள வயித்துல பதினாலு ஊசி? வேற எவனாவது கையெழுத்து போட்டிருந்தா நானே நம்பியிருக்க மாட்டேன்" என்றாள். வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

அவள் சொன்னதை இங்கே எழுதிய பிறகு இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அதில் பிடிவாதம் எங்கே இருக்கிறது? சபைத் தலைவருக்கு எழுதிய முதல் வரியை நான் அவளிடம் சொல்லவே இல்லை. உங்களைத் தந்தி அடிக்கச் சொன்னதும், அதை என் வாயால் சொல்லாமல் இருக்கத்தான். இந்தக் கடிதம் உங்களை எட்டவே இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளை வீணாக்க எனக்கு உரிமை இல்லை.

இப்போது மணி ஏழு. எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் ஊசிக்குச் சீட்டு கொடுப்பார்கள். இதை ஒட்டித் தபாலில் போட்டுவிட்டு நேரே உங்கள் வீட்டுக்குப் போகிறேன். நடந்ததைச் சொல்லி, அவள் திட்டுவதை வாங்கிக்கொண்டு, இருவரையும் ரிக்‌ஷாவில் ஏற்றிக் கூட்டிப்போவேன். பதினான்கு நாளும் கூடப் போவேன். முதல் ஊசி போட்டானதும் நான் அடிக்கும் தந்தி, இந்தக் கடிதத்துக்கு முன்பே உங்கள் கையில் இருக்கும்.

உங்கள் மாதா குழந்தையைக் காப்பாற்றட்டும். என் சாமியிடமும் அதையேதான் கேட்கிறேன். என்னை என்ன சொல்ல வேண்டுமோ, ஊருக்கு வந்து நேரில் சொல்லுங்கள். அதுவரை அவளுக்காக ஜெபம் செய்யுங்கள், தம்பி.

மேலே நாலாவதாக எழுதியது தவறு. அவள் என்னை நம்பினாள், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
ராமசுப்பு