தண்ணீருக்குள் அழுத பிள்ளை

அன்புள்ள மதினி,

இன்று காலை குழாயைத் திறந்துவிட்டுத் துணி அலசிக்கொண்டிருந்தேன். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் பக்கத்து வீட்டுப் பெண் மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். "ஏக்கா, உங்க வீட்டுல பிள்ள அழுவுதே, தூக்க ஆளில்லையா?" என்றாள். நம் வீட்டில் கைப்பிள்ளை ஏது? குழாயை மூடினேன். "இப்ப அழுக நின்னுட்டு," என்றாள்.

அவள் அம்மாவைக் கூப்பிட்டு விவரம் சொன்னேன். மதியமே தென்காசியில் டாக்டரிடம் அழைத்துப் போய்விட்டார்கள். அதன்பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. நீங்கள் ஆண்டவரிடம் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது என்று தெரிந்தும் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சபைப் பெண்கள் பத்திரிகையில் வந்த என் தொடர்கதை புத்தகமாகப் போகிறது. பிள்ளை பெற்றவள் காரணமில்லாமல் அழுகிறாள். நாத்தனார் அவள் தலையில் கைவைத்து ஜெபிக்கிறாள். நாற்பதாம் நாள் ஆலயத்தில், பிள்ளைப்பேற்றுக்கு நன்றி சொல்லி எழுதிக் கொடுத்த ஸ்தோத்திரச் சீட்டை வாசிக்கும்போது பிள்ளையை அணைத்துச் சிரிக்கிறாள். அத்தோடு முற்றும். எல்லாரும் பாராட்டினார்கள். நீங்கள் பூண்டு உரித்துக்கொண்டே, "இதுல ஜெபம் பண்ணுத நாத்தனார் யாருட்டி? நீயா?" என்று கேட்டீர்கள்.

சிரித்துக்கொண்டுதான் கேட்டீர்கள். பிறகு எல்லாவற்றையும் சொன்னீர்கள். தண்ணீர் விழும் சத்தத்திலெல்லாம் ஒரு பிள்ளை அழும். ஓடிவந்து பார்த்தால் உங்கள் மகன் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருப்பான். மனசு தெளியட்டும் என்று அந்தச் சாரல் காலத்தில் நாங்கள் உங்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனோம். அங்கே அருவி முழுக்க அந்த அழுகைதானாம். "உள்ள போயி தூக்கிட்டு வந்துருவோம்னு ஒரு அடி வச்சேன். யாரோ ஒரு பொம்பள, அங்கன வழுக்கும் தாயின்னு கையப் பிடிச்சு இழுத்துட்டா." நான் அப்போது நாலடி தள்ளி எண்ணெய்த் தலையை அலசிக்கொண்டிருந்தேன். எனக்குத் தண்ணீர்தான் கேட்டது.

"ஜெபம் பண்ணாமலா இருந்தேன்? ஸ்தோத்திரச் சீட்ட சபை ஐயர் வாசிக்காரு, எல்லாரும் ஆமென் சொல்லுதாவ. நான் மடியில கிடக்குத பிள்ளயப் பாத்து, இது யாரு பிள்ளைன்னு இருக்கேன்." மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டுத்தான் தேறினீர்கள். "அதையும் எழுது. ஆண்டவர்தான் டாக்டர அனுப்புனாருன்னு வேணும்னா போட்டுக்கோ."

எழுதுகிறேன் என்றேன். எழுதவில்லை. மாத்திரை என்று போட்டால் விசுவாசக் குறைவு என்பார்கள் என்று பத்திரிகை நடத்தும் அக்கா சொன்னதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். மாத்திரையை எழுதினால், டாக்டரிடம் போவதற்கு முந்தின நாளையும் எழுத வேண்டிவரும். அதுதான் என் பயம்.

அன்று வீட்டில் நாம் இருவர்தான். பிள்ளை உங்கள் பக்கத்தில் கிடந்தான். நீங்கள் சுவரைப் பார்த்தபடி, "என் பிள்ளய எங்கட்டி வச்சிருக்க?" என்றீர்கள். குரல் கொஞ்சமும் உயரவில்லை. உங்களுக்குப் பிசாசு பிடித்துவிட்டது என்றே நம்பினேன். வேதப்புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு வெளியே ஓடி, வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். பிள்ளையைக்கூடத் தூக்கவில்லை. அம்மா சந்தையிலிருந்து வரும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கதவைத் தட்டவேயில்லை. தாலாட்டுப் பாடினீர்கள். அது பிள்ளை கிடந்த பக்கமிருந்து வரவில்லை, குளியலறைப் பக்கமிருந்து வந்தது. இப்போதும் அது என் காதில் இருக்கிறது. ஜெபிக்க எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை மதினி.

அதன்பிறகு பதினேழு வருஷம் இதே மேலகரம் வீட்டில் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டோம். கதவைப் பூட்டியது யார் என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்மா மேல் பழியைப் போட்டிருப்பேன். அப்படிப்பட்டவள்தான் நான்.

சற்றுமுன் கடைசி அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதி முடித்தேன். அதில் மாத்திரை இருக்கிறது. நாத்தனார் தாழ்ப்பாள் போடுகிறாள். அழுகை எப்போது நின்றது என்று எழுதவில்லை, அதை நீங்கள் எனக்குச் சொன்னதில்லை. கதையில் உங்கள் பெயரையும் அண்ணன் பெயரையும் மாற்றிவிட்டேன். நாத்தனாருக்கு என் பெயரையே வைத்திருக்கிறேன்.