சிவப்புப் பகடையிலேயே உருட்டுங்க

காப்பார் ஊருக்குக் கிளம்பிய உர்சுலா, செருப்பைக் கழற்றாமலே திரும்பி வந்து, கணவனுக்கு எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள்:

"கிரிகரி, மூணு மணிக்கு உங்க விண்வெளி விளையாட்டுக் கூட்டாளிங்க வந்துருவாங்க. கோழிக்கறியைச் சூடு பண்ணுங்க. கேட் சாவியைத் தனேஷ் மறுபடி பாக்கெட்ல போட்டுக்கிட்டுப் போயிடாம பாருங்க.

போன வாரம் ஆட்டத்தை நடத்துறவர்னு தடுப்பு அட்டைக்குப் பின்னால பகடைய உருட்டிட்டு, நான் ஆடுற பைலட் பொழைச்சிட்டான்னு சொன்னீங்க. தேத்தண்ணி கொண்டு வந்தப்ப நான் பார்த்தேன், விழுந்தது ஒண்ணு. ஒண்ணுன்னா சாவுதானே? பொண்டாட்டின்னு பாவம் பார்த்தா நான் எதுக்கு விளையாடணும்?

இன்னிக்கு எனக்காக எல்லார் கண்ணு முன்னாலயும் திரும்ப உருட்டுங்க. செத்தா சாகட்டும் லா."

கதவு வரை போனவள் மறுபடி வந்து, அடியில் நெருக்கி எழுதினாள்: "என் சிவப்புப் பகடை ரைஸ் குக்கர் மேல இருக்கு. அதுலயே உருட்டுங்க. பொழைச்சா மெசேஜ் போதும். செத்துட்டா போன் பண்ணுங்க."