எட்டுச் சுழி விரல்கள்

டிச. 18, வியாழன்

நல்ல குளிர். ஜன்னலோரத் தேங்காயெண்ணெய் பாட்டிலிலேயே உறைந்துவிட்டது. நாளை பதினொரு மணிக்கு விசா ஆபீஸ்! பத்து விரலையும் மெஷினில் வைத்து ரேகை எடுப்பார்களாம். தை கடைசியில் லண்டனில் அத்திம்பேருக்கு அறுபதாம் கல்யாணம். அக்காவைப் பார்த்து ஒன்பது வருஷம்! மத்தியானம் முழுக்க எந்தப் புடவை என்ற யோசனைதான்.

எடுத்து வைக்க: பாஸ்போர்ட், போட்டோ 2, இவருடைய துறைமுக ஆபீஸ் கடிதம்.

கை மட்டும் சொரசொரப்பு. கார்த்திகை தீபத்திலிருந்தே எரிச்சல், நுனியில் வெடிப்பு. பட்டுப்புடவையைத் தொட்டால் நூல் மாட்டி இழுக்கிறது. பனிதான் காரணம், வேறென்ன.

டிச. 19, வெள்ளி

போச்சு. எல்லாம் போச்சு.

விடிகாலையில் சந்தோஷம் தாங்காமல், நல்ல சகுனமாக இருக்கட்டுமென்று இருபத்தொரு புள்ளிக் கோலம். ஈரத் தரையில் ஒரு மணி நேரம். பிறகு ரேகை பளிச்சென்று விழட்டுமென்று கொதிக்கும் வெந்நீர், பாத்திர சோப்பு, நார். பரபரவென்று தேய்த்தேன். என்னைப் போல மண்டு உண்டா?

மெஷினில் சிவப்பு விளக்கு. மறுபடி சிவப்பு. கவுன்ட்டரில் இருந்த வங்காளிப் பெண், "மாஷிமா, சாப் ஆஷ்ச்சே நா" என்றாள். சித்தி, ரேகை பதியவே இல்லை என்கிறாள். அடுத்த தேதி 30. அன்றைக்கும் பதியாவிட்டால் விசா வருவதற்குள் கல்யாணமே முடிந்துவிடும். அக்காவுக்கும் போனில் சொல்லிவிட்டேன்.

டாக்ஸியில் இவர்: "அழாதே ராஜி. ரேகை என்ன அழிஞ்சா போச்சு?"

"அழிஞ்சு போச்சுன்னு மெஷினே சொல்லிடுத்தே, ஏன்னா!"

டிச. 20, சனி

பாலிகஞ்சில் தோல் டாக்டர். சின்னப் பெண். குற்றவாளிகளை வரிசையாக ஒப்பித்தேன்: கீசர் வெந்நீர், பாத்திர சோப்பு, பினாயில், பையிலிருக்கும் சானிடைசர், வாடைக் காற்று. எல்லாமே தோலில் இருக்கும் எண்ணெயை உறிஞ்சும்தான் என்றாள். ஆனால் வலது கையில் இந்த மூன்று விரல் மட்டும் ஏன் இவ்வளவு மோசம், இவற்றால் எதைக் கிள்ளி எடுக்கிறீர்கள் என்று கேட்டாளே பார்க்கணும்!

கோலப்பொடி!

ஊர்ப்பொடி தீபத்தன்று தீர்ந்துபோய், தெருமுனைப் பெயிண்ட் கடையில் வெள்ளையாக ஏதோ வாங்கியிருந்தேன். திரும்பும்போது கடைக்காரரிடம் கேட்டேன். சுண்ணாம்புத் தூளாம். வீடு முழுக்க வெள்ளையடிக்கிறீர்கள் என்றல்லவா நினைத்தேன் என்றார் அவர். நடுத்தெருவில் சிரித்துவிட்டேன். இத்தனை நாள் ஈரக்கையால் சுண்ணாம்பை அளைந்திருக்கிறேன்!

டாக். உத்தரவு: 30 வரை கோலம் கூடாது, பாத்திரம் கூடாது. வெதுவெது தண்ணீர்தான். கை துடைத்ததும் ஈரம் காயுமுன் களிம்பு. பருத்திக் கையுறை.

மார்கழியில் கோலம் இல்லாத வாசலா! இந்த வீட்டுக்கு வந்து இருபத்தாறு வருஷத்தில் நடந்ததே இல்லை.

டிச. 22, திங்கள்

இவர் கோலம் போட்டார், அரிசி மாவில். நாலு புள்ளி நாலு திக்கில். பால்காரர் அதன் மேலேயே நடந்து வந்தார். பாவம், அவருக்குக் கோலமென்று தெரியவில்லை.

மாடி வீட்டு மௌசுமி பௌதி (எனக்கு அண்ணி மாதிரி) கையைப் பார்த்து, "ஈஷ்! ஹாத்தேர் கீ அபோஸ்தா!" என்று கத்தினாள். கை இந்தக் கதியாவதா என்று ஒரே திட்டு. நடந்ததைச் சொன்னேன். நாளையிலிருந்து உன் வாசல் என் பொறுப்பு என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

டிச. 23, செவ்வாய்

வாசல் நிறைய ஆல்பனா, வங்காளிக் கோலம்! ஊறிய அரிசியை அரைத்து, துணியை அதில் நனைத்து, மோதிர விரல் வழியாக வழிய விட்டுப் போடுகிறாள். தாமரை, கொடி, நெற்கதிர். நடுவில் ஜோடி மீன்!

"மார்கழி மாசம் அதுவுமா நம்மாத்து வாசல்ல மீனா, ராஜி!"

"வாசலோட நீந்திட்டுப் போகட்டும். சும்மா இருங்கோ."

பாத்திரமும் இவர்தான் தேய்க்கிறார். நேற்று ஒரு கண்ணாடி டம்ளர் காலி.

டிச. 27, சனி

பட்டுப்புடவையைத் தடவினேன். மாட்டவில்லை! கட்டைவிரலை வெயிலில் பிடித்தால் வரி வரியாக... சுழி! என் சுழி! நாற்பது வருஷத்துக்கு முன் அக்கா என் விரல்களில் பேனா மை தடவி, நோட்டில் ஒற்றி எண்ணுவாள். "ஒனக்கு எட்டுச் சுழிடி, எனக்கு நாலுதான்" என்று பொறாமைப்படுவாள். இப்போதே போன் செய்யக் கை துறுதுறுக்கிறது. வேண்டாம், 30 ஆகட்டும். பயமாகவும் இருக்கிறது.

டிச. 30, செவ்வாய்

மீனைத் தாண்டிக் கிளம்பினோம். அதே கவுன்ட்டர், அதே பெண். இடது நாலு, பச்சை. வலது நாலு, ஒரு தடவை சிவப்பு. உயிரே போய்விட்டது. அழுத்தாமல் வையுங்கள் என்றாள். பச்சை! கட்டைவிரல் இரண்டும் பச்சை! கவுன்ட்டரிலேயே கை தட்டிவிட்டேன். வாட்ச்மேன் முறைத்தார்.

நடைபாதையில் நின்றே அக்காவுக்குப் போன். "விசா கையில வரட்டும், அப்புறம் சொல்லலாமே" என்று இவர். யார் கேட்டார்கள்?

"அக்கா, பத்தும் பதிஞ்சுடுத்து!"

அந்தப் பக்கம் அக்கா மூக்கை உறிஞ்சினாள். பிறகு:

"எட்டுச் சுழியும் இருக்காடி?"

"வந்து காட்டறேன். எண்ணிக்கோ."