சவரி கழற்றிப் போட்ட ஸ்டெப்னி ஸ்டாண்டு

எனக்குக் கொஞ்சம் முன்னால் பிறந்து, ரொம்ப முன்னால் போய்விட்ட அத்தை மகனே, என் அருமை மாப்ள சவரிமுத்து,

செத்த பிறகும் நீ என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை. அரியலூரில் உன் பேச்சு இன்னும் ஓயவில்லை. ஒர்க்‌ஷாப்பில் எந்த வண்டியின் பானெட்டைத் திறந்தாலும், "சவரி இருந்தா இந்நேரம் முடிச்சிருப்பான்" என்று ஒருத்தராவது சொல்லிவிடுவார். வண்டிக்குக் கீழே படுத்துக்கிடந்தவன் நான். ஆயில் என் முகத்தில் சொட்டும். பாராட்டு உனக்கு.

நீ இருந்தபோதாவது சண்டை போட்டேன். மஞ்சள் காமாலையில் போய்விட்டவனோடு என்ன சண்டை போடுவது?

நாம் ஒரே தெரு. ஒரே ஒர்க்‌ஷாப்பில் ஒன்றாகத்தான் சேர்ந்தோம். நம் அப்பன்கள் அடுத்தவன் வயலில் குனிந்து கிடந்தார்கள், நாம் அடுத்தவன் வண்டிக்குக் கீழே மல்லாந்து கிடந்தோம். அதை முன்னேற்றம் என்று கோவிலில் வைத்துப் பேசினார்கள். நீ கேட்டுக்கொண்டாய். எனக்கு எரிந்தது.

பிறகு அந்தக் கார் வந்தது. பெரம்பலூர் ரோட்டில் இருக்கும் பண்ணைக்காரரின் வெள்ளைக்காரன் காலத்து வண்டி. ஸ்டெப்னி டயர் பின்பக்கம் வெளியே, முதுகில் மாட்டிய மூட்டை போல நிமிர்ந்து நிற்கும். போகிற வழியில் எங்கே நிற்கும் என்று அந்த வண்டிக்கே தெரியாது. அதனால் அவர் வெளியூர் போகும்போதெல்லாம் ஒரு மெக்கானிக் கூடப் போக வேண்டும். உன்னைக் கூப்பிட்டார். என்னை ஏன் கூப்பிடவில்லை? நான் எதில் குறைந்தவன்?

அப்படிப் போய்விட்டு வந்த சாயங்காலங்களில் டீக்கடையில் உன்னைச் சுற்றிக் கூட்டம் கூடும்.

"சீட்டா மச்சான் அது? உக்காந்தா அப்படியே உள்ள இழுத்துக்கும். எழுந்திரிக்கவே மனசு வராது."

"பண்ணைக்காரரு உன்கூடப் பேசுவாரா?"

"பேசாம? ஜெயங்கொண்டம் போற வரைக்கும் பேச்சுதான்."

"என்ன பேசுவாரு?"

"அதெல்லாம் பெரிய விஷயம்டா. உனக்குப் புரியாது."

"தல என்னடா இப்படி வெள்ளையா இருக்கு?"

"கண்ணாடிய எறக்கி விட்டுட்டு வந்தேன். ரெட்டிபாளையத்து சிமெண்ட் லாரியெல்லாம் தூசியக் கெளப்பிட்டுப் போவுது."

எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு டீ கசக்கும். ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு போகும்போதெல்லாம், நீ கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டு போவது கண்ணுக்குள் வரும். என் வீட்டில் சொந்த அம்மாவே, "சவரியப் பாரு, காருல போறான்" என்பாள். உன்னைப் பெற்றவளுக்குக்கூட அவ்வளவு பெருமை இருந்திருக்காது.

போன மாசம் பண்ணையிலிருந்து ஒர்க்‌ஷாப்புக்கு ஆள் வந்தது. பண்ணைக்காரர் பெண்ணுக்குப் பெரம்பலூரில் நிச்சயதார்த்தம், ஞாயிற்றுக்கிழமை கார் கிளம்ப வேண்டும். படுக்கையில் விழுவதற்கு முன்னால் நீ ஸ்டெப்னி ஸ்டாண்டைக் கழற்றிச் சாக்கில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாய். அதை மாட்டித் தர வேண்டும். முதலாளி என்னை அனுப்பினார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? உன்னைவிட ஒழுங்காக மாட்டிக் காட்டினால் அந்த சீட்டு எனக்கு. போகும்போது துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன்.

சாக்கைக் கொட்டினேன். சேஸிலிருந்து பின்னால் நீட்டும் இரண்டு வளைந்த இரும்புக் கை, டயரைத் தாங்கும் வட்டத் தகடு, ரப்பர், போல்ட்டு, வாசர். மண்ணெண்ணெயில் போட்டுத் துருவைத் தேய்த்தேன். இரண்டு இரும்புக் கையையும் விரலாலேயே திருகித் தளர்வாக நிறுத்தி, வட்டத் தகட்டை வைத்தேன். ஓட்டையோடு ஓட்டை சேரவில்லை. இடது கை ஒரு விரல் அளவுக்குத் தொய்ந்து கிடந்தது.

உண்மையைச் சொல்கிறேன், உன் வேலையில் கோணல் இருக்கிறது என்று அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரே கொண்டாடிய சவரி ஒரு இரும்பைச் சரியாகப் பார்க்கவில்லையே என்று. இடது கையைக் கழற்றி, பழுக்கக் காய்ச்சி அடித்து நிமிர்த்தினேன். மறுபடி மாட்டி, டயரை ஏற்றி, அதன் கனம் உட்கார்ந்த பிறகு கீழிருந்து ஒவ்வொரு நட்டாக முறுக்கினேன். ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

ஆனால் ஒரு தகடு மிச்சம். சொரசொரப்பான இரும்பு, ரெண்டு அடி நீளம் இருக்கும். மேலே லாரி டயர் ரப்பரை வெட்டி வைத்து ரிவிட் அடித்திருந்தாய். எந்த இடத்தில் வைத்தாலும் ஸ்டாண்டில் அதற்கு வேலை இல்லை. இடது கையில் மட்டும் அதற்கேற்ற ரெண்டு ஓட்டை இருந்தது. டிரைவர் ராமலிங்கத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"இது எதுக்குண்ணே?"

"இதுவா? உன் மாப்ள நிக்கிற எடம்யா."

"நிக்கிறதா?"

"பின்ன? இதுல கால வச்சு, டயரக் கட்டிப் புடிச்சுட்டு வருவான். மொதல்ல வெறும் கம்பில நின்னான், கால் வழுக்குதுன்னு அவனே இதச் செஞ்சுகிட்டான். கெட்டிக்காரன்."

"உள்ள உக்கார மாட்டானா?"

"கிரீஸ் கையோட உள்ள உக்காந்தா சீட்டு என்னாவும்?"

அவர் சட்டையைப் பார்த்தேன். காலரில், பாக்கெட்டில், முழங்கையில் கிரீஸ். "ஒங்க சட்டையில இருக்கறது என்னண்ணே?" என்றேன்.

"நான் வேறப்பா. உனக்குத் தெரியாதா?" என்றார்.

தெரியும்.

"மழ பேஞ்சா?"

"நனைவான். வேறென்ன. ஆனா ஒண்ணு, அரியலூர் டவுன் வந்தாப் போதும், வண்டிய நிறுத்தச் சொல்லி எறங்கி நடந்துருவான். எவன் பாத்தா உனக்கென்னடான்னு கேட்டேன். 'என் மச்சான் பாத்துருவாண்ணே'ன்னான்."

மாப்ள, நான் அந்தத் தகட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ரப்பர் நடுவில் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அந்த இடது கை தொய்ந்தது உன் கனத்தில். நான் காய்ச்சி அடித்து நிமிர்த்தியது உன்னை.

அந்த நேரம் பார்த்துப் பண்ணைக்காரர் வந்தார். டயரை ரெண்டு தட்டுத் தட்டினார்.

"நல்லா நிக்குதா?"

"நிக்குதுங்க."

"அந்தத் தகட்டையும் மாட்டிடு. ஞாயித்துக்கெழம பெரம்பலூருக்கு நீயே வா. சவரி இல்லாத கொற தெரியக் கூடாது."

இதை யாரிடமும் சொல்ல மாட்டேன், உன்னிடம் சொல்கிறேன். உன் இடம் எனக்கு என்று அவர் சொன்னதும் ஒரு நொடி என் மனசு துள்ளியது. என் கால் அந்தத் தகட்டில் கொள்ளுமா என்று கண் அளந்துவிட்டது. அவ்வளவு வருஷம் உன் மேல் வைத்த பொறாமை, எதைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோம் என்றுகூடப் பார்க்காமல் ஓடியது.

பிறகுதான் வாய் திறந்தது. "உள்ள எடம் இருந்தா வரேங்க."

"உள்ள பொம்பளைங்க வர்றாங்கப்பா."

"அப்ப நான் பஸ்ல வரேங்க. வண்டி எங்கயாவது நின்னா ஆள் சொல்லி அனுப்புங்க."

அவர் கோபப்படக்கூட இல்லை. புரியாதவர் போல ராமலிங்கத்தைப் பார்த்தார். தகட்டை மாட்டாமல் தரையில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் ஒர்க்‌ஷாப் முதலாளி, "சவரின்னா இப்படிப் பேசியிருப்பானாடா?" என்றார். அதோடு அங்கே என் கணக்கு முடிந்தது. இப்போது பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாரி ஷெட்டில் இருக்கிறேன். நிச்சயதார்த்தத்துக்குக் கார் ஒரு இடத்திலும் நிற்காமல், ஸ்டெப்னி ஒரு ஆட்டம் ஆடாமல் போய்வந்ததாகக் கேள்விப்பட்டேன். நான் மாட்டியது அப்படி. அதைச் சொல்லத்தான் அங்கே யாரும் இல்லை.

ஏன் என்னிடம் மறைத்தாய்? சொல்லியிருந்தால் உனக்காக நான் சண்டைக்குப் போயிருப்பேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. போயிருக்க மாட்டேன். டீக்கடையில் எல்லார் முன்னாலும் சிரித்திருப்பேன். அது உனக்குத் தெரியும். டயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்த அந்த வழி முழுக்க நீ பயந்தது விழுந்துவிடுவோம் என்று இல்லை, நான் பார்த்துவிடுவேன் என்று.

வருகிற கல்லறைத் திருநாளுக்கு ஊருக்கு வருவேன். நம் தெரு முழுக்க மெழுகுவத்தியோடு அங்கே இருக்கும். அத்தையும் இருப்பாள், என் அம்மாவும் இருப்பாள். உன் தலைமாட்டில் நின்று இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் சத்தமாகப் படிப்பேன். நீ கோவித்துக்கொள்வாய். கோவித்துக்கொள். நீ எங்கே நின்று போனாய் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். கேட்டுவிட்டு எல்லாரும் உன்னைத்தான் நினைத்து அழுவார்கள், என்னை ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள். அதுவும் எனக்குத் தெரியும். இருந்தாலும் படிப்பேன், மாப்ள.

இன்னும் வயிற்றெரிச்சல் தீராத உன் மாமன் மகன்,
ஆரோக்கியம்